மேஸ்திரி வீட்டுக் காமிரா

தொழிலை நாடி மராட்டிய மண்ணுக்கு வந்து, பிம்பிரியிலும் சிஞ்ச்வடிலும் ஆகுர்டியிலும் தொழிற்சாலைகளில் அமர்ந்து, நிக்டியில் வீடு கட்டிக் குடியேறிவிட்ட நாம், இந்நாட்டுப் பெருமக்களுள் சிலரை நன்கு அறிவோம். சத்ரபதி சிவாஜியை அறிவோம். லோகமான்ய திலகரை அறிவோம். நம் காலனியிலிருந்து காலை நேரத்தில் புறப்பட்டால் நடந்தே சென்றுவிடக்கூடிய தேஹூவில், இந்திராயணி நதிக்கரையில் அபங்கம் பாடிய துக்காராமரையும் அறிவோம். ஆயின் பாபுராவ் பெயின்டர் என்ற பெயரைச் சொன்னால், "அவர் யார், சுவருக்கு வர்ணம் பூசுகிறவரா?" என்று நம் பிள்ளைகள் வினவக்கூடும். அவ்வினாவில் பிழை ஏதும் இல்லை. வர்ணம் தீட்டித்தான் அவர் தம் வாழ்வைத் தொடங்கினார். ஆனால் அந்தக் கையே பின்னர் மரத்தையும் இரும்பையும் கடைந்து, படம் பிடிக்கும் காமிரா ஒன்றைக் கோலாப்பூரில் உருவாக்கியது. இந்தியர் கையால் இந்நாட்டிலேயே செய்யப்பட்ட முதல் சலனப்படக் காமிரா அதுவே என்று திரைப்பட வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர்.

அவரிடம் தொழில் பயின்ற சாந்தாராமின் பெயர் இந்தியா முழுவதும் பரவியது. சீடரைப் பாடிய ஊர், ஆசானை மறந்தது. இந்த மறதி நியாயமானதன்று என்பது என் கருத்து. அதற்குரிய காரணங்களை அவருடைய வாழ்க்கை வரலாற்றிலிருந்தே எடுத்துக் காட்ட விழைகிறேன்.

பாபுராவ் 1890ஆம் ஆண்டு ஜூன் மாதம் 3ஆம் நாள் கோலாப்பூரில் பிறந்தார். தந்தையார் பெயர் கிருஷ்ணராவ் மேஸ்திரி. மேஸ்திரி என்ற சொல் நமக்கும் பழக்கமானதே. கட்டட வேலையின் தலைவனை நம் ஊரிலும் அப்படித்தான் அழைக்கிறோம். போர்த்துகீசியரிடமிருந்து மேற்குக் கரையில் இறங்கி, மராத்தியிலும் தமிழிலும் ஒருங்கே குடியேறிவிட்ட சொல் அது. கைத்தொழிலில் வல்லவன், பிறருக்குக் கற்பிக்கத்தக்கவன் என்பது அதன் மூலப்பொருள். கிருஷ்ணராவ் அப்பெயருக்கு முற்றும் உரியவராக இருந்தார். தச்சு வேலை, கொல்லு வேலை, சிற்பம், தந்தச் செதுக்கு வேலை எனப் பல கலைகள் அவருக்குக் கைவந்தன. அவருடைய மகன் ஓவியக் கல்லூரி எதிலும் சேர்ந்து பயிலவில்லை. வீட்டுத் திண்ணையும் பட்டறையும் அவருக்குக் கல்லூரியாயின. ஐரோப்பிய முறையில் எண்ணெய் வர்ண ஓவியம் தீட்டவும், களிமண்ணில் உருவம் வனையவும் தாமே முயன்று கற்றுத் தேர்ந்தார்.

அன்றைய கோலாப்பூர் கலைஞர்களுக்குத் தாய்வீடு போல் விளங்கியது. சாகு மகராஜர் ஆட்சியில் பாடகர், மல்லர், ஓவியர் ஆகிய அனைவருக்கும் அரண்மனையில் ஆதரவு இருந்தது. நாட்டுப்புறத்தார் அவ்வூரைக் கலாப்பூர் என்று சொல்லி மகிழ்வதும் உண்டு. பாபுராவுக்கு ஆனந்தராவ் என்ற உறவினர் ஒருவர் இருந்தார். பெரியப்பன் சிற்றப்பன் மக்களைப் போல் ஒன்றாக வளர்ந்த இருவரும், 1910 முதல் நாடகக் கம்பெனிகளுக்குக் காட்சிப் படுதா எழுதும் தொழிலில் இறங்கினர். அரண்மனை மண்டபமும், அடர்ந்த காடும், நிலவொளியில் மின்னும் ஆற்றங்கரையும் அவர்கள் தூரிகையில் உயிர் பெற்றன. மராட்டிய சங்கீத நாடக மேடை புகழின் உச்சியில் இருந்த காலம் அது. திரை உயர்ந்ததும், நடிகன் வாய் திறப்பதற்கு முன்பே, பின்னால் தொங்கும் படுதாவைக் கண்டு மக்கள் கைதட்டிய காலம். நம் தஞ்சை, மதுரைப் பக்கத்து நாடகக் கொட்டகைகளைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டவர்களுக்கு இது விளங்கும். இத்தொழிலில் இருவரும் பெற்ற பெயர் எத்தகையதென்றால், மேஸ்திரி என்ற குடும்பப் பெயர் மறைந்து, பெயின்டர் என்பதே அவர்களுக்கு நிலைத்துவிட்டது.

1913இல் தாதாசாகேப் பால்கே எடுத்த 'ராஜா ஹரிச்சந்திரா' வெளிவந்தது. அதைக் கண்ட ஓவியச் சகோதரர்களுக்கு உறக்கம் போயிற்று. தாங்கள் எழுதிய படுதாவில் ஆறு ஓடுவதில்லை. பால்கேயின் வெள்ளைத் திரையிலோ எல்லாம் அசைந்தன. பம்பாயில் பழைய சாமான் விற்கும் சந்தையில் படம் காட்டும் புரொஜெக்டர் ஒன்றை விலைக்கு வாங்கினர். படம் காட்டிச் சிறிது பொருள் ஈட்டினர். ஆனால் பிறர் எடுத்த படத்தைக் காட்டுவதில் அவர்கள் மனம் அமையவில்லை. தாங்களே படம் எடுக்க வேண்டும் என்ற வேட்கை மிகுந்தது. அயல்நாட்டுக் காமிராவை விலைக்கு வாங்குவது அவர்கள் நிலைக்கு எளிதன்று. எனவே தச்சர் வீட்டுப் பிள்ளைகள் தச்சர் வழியையே மேற்கொண்டனர். புரொஜெக்டரைத் திருகுத் திருகாகக் கழற்றிப் பரப்பி வைத்தனர்.

நம் காலனியில் டூல்ரூமிலும் லேத்திலும் வேலை பார்க்கும் அன்பர்கள் பலர் உளர். அவர்கள் இவ்விடத்தைச் சற்று நின்று படிப்பார்கள் என்று நம்புகிறேன். படம் காட்டும் யந்திரமும் படம் பிடிக்கும் யந்திரமும் ஒரே தத்துவத்தில் இயங்குபவை. பிலிம் சுருள் ஆற்றுநீர் போல் இடைவிடாது ஓடினால் படம் கலங்கிப்போகும். ஒவ்வொரு கட்டமாக நகர வேண்டும்; நகர்ந்ததும் ஒரு கணம் அசையாமல் நிற்க வேண்டும்; நிற்கும் அக்கணத்தில் மட்டுமே ஒளி அதன்மேல் பாய வேண்டும்; மீண்டும் நகரும்போது ஒரு மூடி சுழன்று வந்து ஒளியை மறைக்க வேண்டும். 35 மில்லிமீட்டர் அகலமுள்ள பிலிமின் இரு ஓரங்களிலும், கட்டம் ஒன்றுக்குப் பக்கத்துக்கு நான்கு துளைகள் உண்டு. அத்துளைகளைப் பற்றி இழுப்பதற்குப் பற்சக்கரமோ கொக்கியோ வேண்டும். ஊமைப்படக் காலத்தில் இவ்வளவும் கையால் சுழற்றப்பட்டது. கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் எட்டுக் கட்டங்கள். நொடிக்கு இரண்டு சுற்று. ஆக நொடிக்குப் பதினாறு படங்கள். ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் இடையே மயிரிழை அளவு விலகினாலும் திரையில் அது பெரும் நடுக்கமாகத் தெரியும். ஆகவே காமிரா செய்வது பெட்டி செய்வது போன்றதன்று. கடிகாரம் செய்வது போன்றது. ஒளி புகாத மரப்பெட்டிக்குத் தச்சன் வேண்டும். பற்சக்கரத்துக்குக் கொல்லன் வேண்டும். எதைப் பார்ப்பது என்று அறிவதற்கு ஓவியன் வேண்டும். அந்த மூவரும் அக்குடும்பத்தில் ஒருவருக்குள்ளேயே இருந்தனர்.

முயற்சி முற்றுப்பெறுமுன் இடி விழுந்தது. 1916இல் ஆனந்தராவ் காலமானார். இருவர் சேர்ந்து கண்ட கனவை ஒருவர் தோளில் சுமக்க நேர்ந்தது. அப்போது பாபுராவுக்கு வலக்கையாக அமைந்தவர் விஷ்ணுபந்த் தாம்லே என்ற இளைஞர். படுதா எழுதும் வேலைக்குச் சீடராக வந்து சேர்ந்தவர் அவர். நாளடைவில் யந்திர நுணுக்கங்களில் ஆசானுக்கு ஒப்பாகத் தேர்ந்தார். ஆசானும் சீடனுமாகப் பாடுபட்டு 1918இல் காமிராவை இயங்கும் நிலைக்குக் கொண்டுவந்தனர்.

இதற்கிடையே 1917-18 காலத்தில் மகாராஷ்டிர பிலிம் கம்பெனி கோலாப்பூரில் தோன்றியது. அதற்குப் பொருள் கொடுத்தவர் எந்தச் சேட்டும் அல்லர். தானிபாய் காகல்கர் என்ற சாஸ்திரிய சங்கீதப் பாடகி. பாட்டுப் பாடிச் சேர்த்த பணத்தை, ஓசையே இல்லாத ஒரு கலைக்காக அந்த அம்மையார் எடுத்துக் கொடுத்தார் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு மிகுகிறது. திரைப்பட வரலாற்றில் முதலாளிகளின் பெயர்களை வரிசைப்படுத்துவோர் இப்பெயரை ஏனோ மெல்லிய எழுத்தில் போட்டுக் கடந்துவிடுகின்றனர். சாகு மகராஜரின் ஆதரவும் கம்பெனிக்குக் கிட்டியது.

கம்பெனியின் முதல் படம் 'சைரந்திரி'. 1920ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 7ஆம் நாள் பூனாவில் ஆரியன் சினிமாக் கொட்டகையில் அது திரையிடப்பட்டது. விராட நகரில் திரௌபதி சைரந்திரி என்ற பெயரில் பணிப்பெண்ணாக மறைந்து வாழ்ந்தபோது, கீசகன் அவளிடம் முறைகேடாக நடக்க முயன்றதும், பீமன் அவனை வதைத்ததும் நாம் அறிந்த பாரதக் கதையே. நம்மவர்க்கு இங்கே ஒரு செய்தி சொல்ல வேண்டும். தென்னாட்டின் முதல் கதைப்படம் என்று போற்றப்படும் 'கீசக வதம்' இதே கதைதான். மோட்டார் வாகனத் தொழிலில் இருந்த ஆர். நடராஜ முதலியார், 1917-18 வாக்கில் சென்னையில் அதை எடுத்தார். அவர் காமிராவைச் சுழற்றக் கற்றது எங்கே தெரியுமா? இதே பூனாவில், ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேயப் படப்பிடிப்பாளரிடம் என்று சொல்லப்படுகிறது. அந்த ஸ்மித் கர்சன் பிரபுவைப் பற்றிய படம் ஒன்றில் வேலை செய்தவர் என்பர்.

கர்சன் பெயர் இங்கே வருவது ஒரு விந்தை. 1907இல் திலகரின் 'கேசரி' பத்திரிகைக் குழுவைச் சேர்ந்த காடில்கர், 'கீசகவத்' என்ற மராத்தி நாடகத்தை எழுதினார். மேடையில் நிற்பவன் கீசகன். பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிந்தவர் கர்சன் பிரபு. திரௌபதி பாரத மாதாவாகவும், பொறுமை காக்கும் தருமர் மிதவாதிகளாகவும், பொறுக்கமாட்டாத பீமன் தீவிரவாதிகளாகவும் மக்களுக்கு விளங்கினர். 1910இல் ஆங்கில அரசு அந்நாடகத்துக்குத் தடை விதித்தது. அக்கதையையே பத்தாண்டு கழித்துப் பாபுராவ் பூனாவில் திரையில் காட்டினார் என்றால், கொட்டகையில் இருந்தவர் வெறும் புராணம் பார்க்க மட்டும் வந்தவர் அல்லர் என்று கொள்வதில் தவறில்லை. பீமன் கீசகனைக் கொல்லும் காட்சி அத்தனை உண்மையாக அமைந்திருந்தமையால் தணிக்கைக்கு இலக்காயிற்று. படத்தைக் கண்ட திலகர், பாபுராவுக்குச் 'சினிமா கேசரி' என்ற பட்டம் அளித்துச் சிறப்பித்தார். அவ்வாண்டு ஆகஸ்ட் முதல் நாளில் திலகர் மறைந்தார்.

'சைரந்திரி'யில் பெண் வேடங்களைப் பெண்களே ஏற்றனர் என்பதும் குறிப்பிடத்தக்கது. பால்கேயின் முதல் படத்தில் சந்திரமதியாக வந்தவர் ஓர் ஆண். பாபுராவின் கம்பெனியிலோ குலாப்பாய், அனசூயாபாய் என்ற இருவர் துணிந்து முன்வந்தனர். திரைக்காகக் கமலாதேவி, சுசீலாதேவி என்ற பெயர்கள் அவர்களுக்குச் சூட்டப்பட்டன. நடிக்க வந்த பெண்களை ஊர் எவ்வாறு பேசியிருக்கும் என்பதை நம் வீட்டுப் பாட்டிமார் எளிதில் சொல்லிவிடுவர்.

இனி அவருடைய கலைத்திறனைச் சற்று ஆழ்ந்து நோக்குவோம். படுதா எழுதிப் புகழ் பெற்ற அதே மனிதர், திரைப்படத்துக்குப் படுதா உதவாது என்று முதலில் உணர்ந்தவர் ஆனார். நாடகத்தில் பார்ப்பவன் ஒரே இடத்தில் அமர்ந்திருக்கிறான். எழுதிய தூணும் உண்மைத் தூண் போல அவனுக்குத் தோன்றும். காமிராவோ இடம் மாறும், பக்கவாட்டிலிருந்து பார்க்கும். எழுதிய தூண் அப்போது வெறும் துணியாகிவிடும். ஆகவே நடமாடவும் சாயவும் அமரவும் கூடிய உருவுடைய மண்டபங்களையும் வீடுகளையும் அவர் கட்டுவித்தார். படம் எடுக்குமுன் ஒவ்வொரு பாத்திரத்தின் உடை, அணி, நிற்கும் நிலை ஆகியவற்றைத் தம் கையாலேயே வரைந்து வைத்துக்கொள்வார்.

அந்நாளைய பிலிமின் குணமும் இங்கே அறியத்தக்கது. நம் கண் காண்பதுபோல் அது நிறங்களைக் காண்பதில்லை. சிவப்பு அதற்குக் கருமையாகப் படும். நீலம் வெளுத்துப் போகும். கோயில் சுவரின் காவிப்பட்டை இருண்டு தோன்றும். கோடைவானம் வெறும் வெள்ளைத்தாள் போல் கிடக்கும். உதட்டுச் சாயம் மிகுந்தால் வாய் ஒரு கரும் பொந்தாகிவிடும். வண்ணங்களைக் கருப்பும் வெள்ளையும் அவற்றுக்கு இடைப்பட்ட சாம்பலுமாக மனக்கண்ணில் மொழிபெயர்த்துப் பார்க்கக் கூடியவனே அன்று நல்ல படப்பிடிப்பாளன். யந்திரம் மட்டும் கற்றவனுக்கு இது எளிதில் வராது. பத்து வயது முதல் வர்ணம் குழைத்தவனுக்குக் கை போகும் வழியிலேயே வந்துவிடும்.

1923இல் வெளிவந்த 'சிம்மகட்' இதற்குத் தக்க சான்று. ஹரி நாராயண் ஆப்டேயின் புகழ்பெற்ற நாவலைத் தழுவிய படம் அது. 1670இல் தானாஜி மாலுசரே ஓர் இரவில் மலைச்சுவர் ஏறிக் கோட்டையைப் பிடித்து, அப்போரிலேயே உயிர் துறந்த வீரக்கதை. நம்மில் பலர் ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தைகளுடன் சென்று பிட்டலாவும் பாக்ரியும் உண்டு திரும்பும் அதே சிங்ககட் மலைதான். இரவுப் போரைப் பகல் வெயிலில் எடுத்தால் எவ்வாறு பொருந்தும்? படப்பிடிப்பு முழுவதும் சூரியனையே நம்பியிருந்த அக்காலத்தில், செயற்கை விளக்கொளியைக் கொண்டு இரவுக் காட்சிகளைப் படம் பிடித்தார் பாபுராவ். சிவாஜி வேடத்தையும் தாமே ஏற்றார். சாந்தாராம் என்ற இளைஞர் அதில் சேலார் மாமாவாகத் தோன்றினார்.

விளம்பரத்திலும் அவர் தூரிகை ஓயவில்லை. படத்தின் கதைச் சுருக்கமும் புகைப்படங்களும் அடங்கிய சிறு புத்தகங்களை 1921-22 காலத்திலேயே அச்சிட்டுக் கொட்டகையில் வழங்கினார். பாட்டுப் புத்தகம் வாங்கிக்கொண்டு படம் பார்த்த நம் பழைய தலைமுறைக்கு அதன் அருமை தெரியும். சுவரொட்டிகளையும் தாமே தீட்டினார். 1924இல் வந்த 'கல்யாண் கஜினா' படத்துக்கு அவர் எழுதிய சுவரொட்டி இன்றும் உள்ளது. சித்திரம் தீட்டிய இந்தியத் திரைப்படச் சுவரொட்டிகளுள் இன்று கிடைப்பவற்றில் மிகப் பழையது அதுவே என்று சொல்லப்படுகிறது.

இவை யாவற்றினும் மேலாக நான் மதிப்பது 1925இல் அவர் எடுத்த 'சாவ்காரி பாஷ்'. வட்டிக்காரனின் சுருக்குக் கயிறு என்று அதற்குப் பொருள் சொல்லலாம். தேவரும் அரசரும் இல்லை. மாயமும் மந்திரமும் இல்லை. சிறு நிலம் வைத்துப் பிழைக்கும் ஓர் உழவன், கள்ளப் பத்திரத்தால் நிலத்தை வட்டிக்காரனிடம் இழந்து, ஊரை விட்டு நகரத்துக்கு வந்து ஆலைக் கூலியாகிறான். அவ்வளவே கதை. உழவனாக நடித்தவர் சாந்தாராம். இருண்ட குடிசை ஒன்றும், அதன் முன் ஊளையிடும் நாயும் தோன்றிய ஒரு காட்சியைப் பார்த்தவர்கள் பல்லாண்டுகளுக்குப் பின்னும் மறக்காமல் குறிப்பிட்டுள்ளனர். மக்கள் அன்று புராணத்தையும் சாகசத்தையும் விரும்பினரேயன்றித் தம் வீட்டுத் துயரத்தைத் திரையில் காண விரும்பவில்லை. படம் எதிர்பார்த்த வரவேற்பைப் பெறவில்லை. சொந்த ஊரில் காணியை விட்டு வந்து ஆலைச் சங்குக்கு எழுந்து பழகிய குடும்பங்கள் நம்மிடையே எத்தனை! அவர்களுக்காகவே எடுத்தது போன்ற படம், அவர்கள் பிறப்பதற்கு முன்பே வந்து போய்விட்டது.

மகாராஷ்டிர பிலிம் கம்பெனியைக் கம்பெனி என்பதைவிடப் பட்டறை என்பதே பொருந்தும். அங்கே ஒரு வேலைக்கு ஓர் ஆள் என்ற பிரிவினை இல்லை. காலையில் மேடை கூட்டியவன் மாலையில் நடிப்பான். நடித்தவன் இரவில் பிலிமை மருந்தில் அலசுவான். தாம்லேயும் அங்கேதான் முதிர்ந்தார். சாயபு மாமா என்று அனைவரும் அன்புடன் அழைத்த பத்தேலால், ஓவியத்தோடு காமிராவையும் அங்கே பழகினார். கேசவராவ் தாய்பரும் படப்பிடிப்பாளர் ஆனார். சாந்தாராமோ எல்லாவற்றையும் கண்ணால் விழுங்கினார். மேஸ்திரி வீட்டில் தந்தையிடமிருந்து மகனுக்கு வந்த வித்தை, இங்கே குருதி உறவைக் கடந்து, ஓர் இந்துத் தச்சர் மரபிலிருந்து ஒரு முஸ்லிம் ஓவியருக்கும் ஒரு சமண இளைஞருக்கும் சென்று சேர்ந்தது. பாபுராவின் படங்களைக் காட்டிலும் இதுவே அவருடைய பெரிய சாதனை என்று நான் கருதுகிறேன்.

ஆயின் கற்றவர்கள் தங்குவதில்லை. 1929இல் தாம்லே, பத்தேலால், தாய்பர், சாந்தாராம் ஆகிய நால்வரும் வெளியேறி, குல்கர்னி என்ற நகை வணிகரின் பொருளுதவியுடன் கோலாப்பூரிலேயே பிரபாத் பிலிம் கம்பெனியைத் தொடங்கினர். ஒரே நேரத்தில் வலக்கையும் இடக்கையும் போனாற்போல் ஆயிற்று ஆசானுக்கு. அடுத்து 1931இல் பேசும் படம் வந்தது. பம்பாயில் 'ஆலம் ஆரா'. அவ்வாண்டிலேயே நம் மொழியில் 'காளிதாஸ்'. நாடெங்கும் மகிழ்ச்சி ஆரவாரம். பாபுராவுக்கு அம்மகிழ்ச்சி இல்லை. இத்தனை பாடுபட்டு வளர்த்த கண்ணின் மொழியைப் பேச்சு வந்து அழித்துவிடும் என்று அவர் அஞ்சினார். காமிரா அசையாமல் ஒலிவாங்கியின் முன் கட்டுண்டு கிடந்த முதல் பேசும் படங்களைக் கண்டவர்கள் அவ்வச்சம் அடிப்படையற்றதென்று சொல்லமாட்டார்கள். எனினும் காலம் அவருக்காகக் காத்திருக்கவில்லை. மகாராஷ்டிர பிலிம் கம்பெனி மூடப்பட்டது. பின்னர் 'உஷா', 'பிரதிபா' முதலிய பேசும் படங்கள் சிலவற்றை இயக்கினார். 'சாவ்காரி பாஷ்' படத்தையும் 1936இல் பேச வைத்தார். பெரும்பாலும் ஓவியத்துக்கும் சிற்பத்துக்குமே திரும்பினார். 1947இல் சாந்தாராமின் அழைப்பின் பேரில் 'லோகசாகிர் ராம்ஜோஷி' படத்தை இயக்கிக் கொடுத்தார். பிரிந்து சென்ற சீடர் பதினெட்டு ஆண்டு கழித்து ஆசானைத் தேடி வந்து பணி கொடுத்த அச்செய்கை சாந்தாராமுக்குப் பெருமை தருவது. 1954ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் கோலாப்பூரில் பாபுராவ் காலமானார்.

அவருடைய ஊமைப்படங்களில் பெரும்பாலானவை இன்று இல்லை. அக்கால பிலிம் நைட்ரேட்டால் ஆனது, எளிதில் தீப்பற்றும், தீயில் தப்பினாலும் நாளடைவில் பொடியாகும். பூனாவில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கியது 1964இல். அதற்குள் காலம் கடந்துவிட்டது.

படங்கள் அழிந்தாலும் பட்டறை அழியவில்லை. பிரபாத் 1933இல் கோலாப்பூரிலிருந்து பூனாவுக்குக் குடிபெயர்ந்து, இன்று பிரபாத் சாலை என்று வழங்கும் பகுதியை அடுத்துப் பெரிய படப்பிடிப்பு நிலையம் அமைத்தது. தாம்லேயும் பத்தேலாலும் சேர்ந்து இயக்கிய 'சந்த் துக்காராம்' 1936இல் அங்கே உருவாயிற்று. நம் அண்டை ஊர்த் தேஹூவின் கதை, மறு ஆண்டு வெனிஸ் நகரத் திரைப்பட விழாவில் பாராட்டுப் பெற்றது. அப்படத்தில் வரும் கிராமத்து வீடும் மாடும் பாத்திரம் பண்டமும் மேடைப் பொருளாகத் தோன்றுவதில்லை. யாரோ நேற்று வரை புழங்கியவை போல் இருக்கும். அந்தப் பார்வை அவர்களுக்கு எந்தப் பட்டறையில் வந்தது என்பதை இனி நான் சொல்ல வேண்டியதில்லை.

பிரபாத் தமிழிலும் படம் எடுத்தது. 1934இல் வந்த 'சீதா கல்யாணம்' அது. அதுவும் ஒரு கலைக்குடும்பத்தின் கதையே. சென்னையிலிருந்து சுந்தரம் ஐயர் தம் மக்களுடன் மராட்டிய நாட்டுக்கு வந்தார். அவர் சனகராகவும், மகன் எஸ். ராஜம் இராமராகவும், மகள் ஜெயலட்சுமி சீதையாகவும் நடித்தனர். உடன்பிறந்தோர் கணவன் மனைவியாக நடிக்கலாமா என்று ஊரில் முணுமுணுப்பு எழுந்தது. இளைய மகன் பாலச்சந்தர், சிறு பையனாக இராவணன் சபையில் கஞ்சிரா வாசித்தான். அச்சிறுவனே பின்னாளில் வீணை பாலச்சந்தர். ராஜமோ கர்நாடக சங்கீதத்திலும் ஓவியத்திலும் ஒருங்கே பெயர் பெற்றார். அப்படத்தில் பணிபுரிந்த கே. ராம்நாத், பின்னர் 1950இல் 'ஏழை படும் பாடு' எடுத்து நம்மவர் நெஞ்சில் இடம் பெற்றார்.

1950களில் பிரபாத்தும் மூடப்பட்டது. 1960இல் அதே வளாகத்தில் இந்திய அரசு திரைப்படக் கல்லூரியைத் தொடங்கியது. பிரபாத் கட்டிய தளங்களிலேயே புதிய தலைமுறை காமிராவைக் கற்றது. ஈழத்தில் மட்டக்களப்புக்கு அருகே அமிர்தகழியில் பிறந்த பாலு மகேந்திரா அங்கே ஒளிப்பதிவு பயின்று 1969இல் தங்கப் பதக்கத்துடன் வெளிவந்தார். 1977இல் கன்னடத்தில் அவர் இயக்கிய 'கோகிலா' ஒளிப்பதிவுக்கான தேசிய விருதை அவருக்குப் பெற்றுத் தந்தது. இயற்கை ஒளியை அவர் திரையில் ஆண்ட விதத்தைத் தமிழ்நாடு நன்கு அறியும்.  திருவனந்தபுரத்தில் புகைப்படக் கலைஞர் சிவனின் மகனாகப் பிறந்து, வீட்டிலேயே காமிராவோடு வளர்ந்து, 'தளபதி', 'இருவர்' ஆகிய படங்களுக்கு ஒளிப்பதிவு செய்த சந்தோஷ் சிவனும் அங்கே பயின்றவரே. பாலு மகேந்திரா தம் முதுமையில் சென்னையில் இளைஞர்களுக்கென்று ஒரு பயிற்சிக்கூடம் தொடங்கினார். 2014இல் மறையும் வரை அங்கே கற்பித்துக்கொண்டிருந்தார். அதற்கு அவர் இட்ட பெயர் 'சினிமா பட்டறை'.